தீட்டு எது, சாக்கடை எது: தாமிரபரணிக் கரையிலிருந்து

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று தாமிரபரணியில் இறங்கி மலர் தூவுகிறோம். 1999இல் அதே நாளில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன பேரணியின் மீது போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் ஆற்றில் பிணமானார்கள். அவர்களில் ஒன்று, பால்மணம் மாறாத குழந்தை.

அந்த ஆற்றில்தான் இன்று மாநகரின் சாக்கடை கலக்கிறது. இதே ஆறுதான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் தருகிறது. ஆற்றைக் காக்கப் ‘பொதுமக்கள் பங்களிப்பு’ வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் அந்தப் ‘பொது’வில் நாம் என்றைக்குச் சேர்க்கப்பட்டோம்?

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லாம் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கும் உரியவை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, கிணற்றடியில் எதுவும் லேசில் மாறவில்லை. மகாத்திலும் இதே கதைதான். சவுதார் குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சி எழுதிவைத்திருந்தும், 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் போய்த்தான் அந்தத் தண்ணீரை அள்ள முடிந்தது. பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? பால், தயிர், சாணம், கோமியம் கலந்து 108 பானைகளில் குளத்தில் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். குடிக்கிற தண்ணீரில் சாணத்தைக் கரைத்தால் சுத்தம், மனிதக் கை பட்டால் அசுத்தம்! அந்தக் குளத்தில் நம் உரிமை உறுதியாக, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதைத் தலைகீழாகத் திருப்பியது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது அதன்படி குற்றம். அதாவது, நாம் தொட்டால் தீட்டு என்ற இடத்தில், நம் தண்ணீரைக் கெடுத்தவன் குற்றவாளி என்றானது. காகிதத்தில்! 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில், தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரியவந்தது. இரண்டாண்டு கழித்து சிபிசிஐடி அந்தச் சமூகத்து மூவர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. ஊர் அதை ஏற்கவில்லை.

தாமிரபரணிக்குத் திரும்புவோம். ஆற்றுப்படுகையில் உறைகிணறு தோண்டித்தான் பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் தண்ணீர் எடுக்கின்றன. தண்ணீரை வடிகட்டுவது மணல். மணலை அள்ளினால் உறைகிணறு சாகும். தோழர் நல்லகண்ணு மணற்கொள்ளைக்கு எதிராக மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, தாமே வாதாடி, 2010 டிசம்பரில் ஐந்தாண்டுத் தடை வாங்கினார். 2024 நவம்பரில், சாக்கடை கலப்பது பற்றிய வழக்கில் நீதிபதிகளே ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தார்கள். அடுத்த மாதம் கேரளத்து மருத்துவக் கழிவு நடுக்கல்லூர், கொண்டாநகரம் பக்கம் கொட்டப்பட்டு, மக்கள் சத்தம் போட்ட பிறகு லாரி லாரியாகத் திரும்பிப் போனது. மனுவும் சத்தமும் இல்லாமல் இவற்றில் எதுவும் நடக்கவில்லை.

ஆனால் ஆற்றைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் நாம் குறைவு. சாக்கடைக்குள் இறங்கிச் சுத்தம் செய்பவர்கள் நம் ஆட்கள். குழாயின் கடைசியில், சொட்டுத் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பதும் பெரும்பாலும் நம் காலனி. எது எங்கே கலக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பொறியாளருக்கும் தெரியாது என்பது எங்கள் அனுபவம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும் நாள். மகாத் நாளுக்கு இரண்டு நாள் கழித்து! தோழர்களே, காலனிப் பெண்களோடு போய் உட்காருங்கள். தொட்டி கடைசியாக என்று கழுவப்பட்டது, குளோரின் யார் போடுகிறார்கள், தண்ணீர் எப்போது பரிசோதிக்கப்பட்டது, தொட்டிக்கு மூடியும் பூட்டும் உண்டா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.