தீயணைப்புத் துறையும் நம் மக்களும்

தீயிலிருந்து காக்கப்படுதல் இன்று ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய உரிமையாகும். ஆயினும் அவ்வுரிமை ஏழைக்கு எளிதில் வந்து சேரவில்லை என்பதை வரலாறு காட்டுகிறது. 1666-இல் இலண்டன் மாநகர் எரிந்தபின், அங்குத் தோன்றிய காப்பீட்டுக் கழகங்கள் தம்மிடம் பணம் கட்டியோரின் கட்டடங்களைக் காக்கவே தீயணைப்புப் படைகளை அமைத்தன. 1866-இல்தான் அங்கு அது பொதுப்பணியாயிற்று.

நம் மாநிலத்தில் 1908-இல் சென்னை நகரில் தீயணைப்புப் படை நிறுவப்பெற்றது. பின்னர்ப் பிற ஊர்களுக்கும் பரவி, 1969 ஏப்ரல் 9 முதல் தனித் துறையாக இயங்கலாயிற்று. 1985-இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இன்று அதன் பெயர் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கிணற்றில் வீழ்ந்தோரையும் வெள்ளத்தில் சிக்கியோரையும் மீட்பதும் அதன் கடமையே. 101 என்னும் எண்ணில் அழைப்பவரின் சாதியை எவரும் கேட்பதில்லை.

எனினும் வண்டி வரப் பாதை வேண்டுமன்றோ? ஊருக்குப் புறத்தே நெருங்கி நின்ற நம் கூரை வீடுகளுள் ஒன்றில் பற்றிய தீ, நொடிப்பொழுதில் தெருவையே விழுங்கியது. பொதுக்கிணற்று நீரும் மறுக்கப்பட்ட காலம் அது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டு நின்ற மக்களுள் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அத்தீ தானே பற்றியதன்று, மூட்டப்பட்டது. அதனை அணைக்கச் சட்டமும் கல்வியும் ஒற்றுமையும் வேண்டும். 1974-இல் தொடங்கப்பெற்ற தாட்கோ நிறுவனம், ஆதிதிராவிடர்க்குத் தீப்பற்றா வீடுகள் கட்டித் தருவதையே முதல் நோக்கமாகக் கொண்டது என்பதை இளைஞர் அறிதல் நலம்.

நம் பழனி மலைத்தொடரில் தீயின் இயல்பு வேறு. பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல்லும், ஆங்கிலேயர் காலந்தொட்டு நடப்பட்ட பைன், யூகலிப்டஸ் மரங்களின் சருகும் எளிதில் பற்றும். ஈரம் தாங்கும் சோலைக்காடு அத்துணை விரைவில் எரிவதில்லை. சரிவில் தீ மேல்நோக்கி விரையும். தண்ணீர் வண்டியோ சாலையை விட்டு இறங்க இயலாது. ஆகவே வனத்துறையினர் கோடைக்கு முன்னரே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகின்றனர். பற்றிய இடத்தில் பசுந்தழையால் அடித்தும் எதிர்த்தீ இட்டும் அணைக்கின்றனர். 2024 ஏப்ரல் இறுதியில் பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதியில் பரவிய காட்டுத்தீயை, வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் இணைந்தே எதிர்கொண்டனர்.

இளைஞர்காள்! பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உடல் வலிவும் உடையோர், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதித் தீயணைப்போர் ஆகலாம். பட்டியல் இனத்தவர்க்கு 18 விழுக்காடு இடங்கள் உண்டு. அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. 2003-இல் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ஆகிய இருவர் இத்துறையில் அதிகாரிகளாகப் பொறுப்பேற்றுப் பெண்களுக்கும் வழி திறந்தனர்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது, 60-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தனர். அந்நாளே ஆண்டுதோறும் தீயணைப்புப் பணி நாளாகும். அண்ணல் அம்பேத்கர் பிறந்ததும் ஏப்ரல் 14-இலேயே. அந்நாளில் மாலை அணிவிப்பதோடு நில்லாமல், நம் குடியிருப்புகளுள் தீயணைப்பு வண்டி நுழையப் பாதை உண்டா என்று பார்ப்போம். இல்லையேல் நம் படித்த இளைஞரே மனு எழுதிப் பெற்றுத் தருக.