கொண்டை கருகாத கோழி

எங்க ஊர்ல கோழி வளர்க்கிறது ரொம்ப சிம்பிள். சாயங்காலம் பஞ்சாரத்தைக் கவுத்து, நாய் தள்ளாம இருக்க மேலே ஒரு கல்லை வெச்சா வேலை முடிஞ்சது. மார்கழிப் பனிக்குக்கூட ஒரு பழைய சாக்கு போதும். அந்த நினைப்பிலதான் கனடா வந்தும் கோழி வளர்க்க ஆசைப்பட்டேன். ஆறு பெட்டை, ஒரு வெள்ளை லெகான் சேவல்.

முதல் குளிர்காலம். மைனஸ் இருபதுக்குக் கீழே போகும்னு ரேடியோவில் சொன்னதும், புள்ளைங்க நடுங்குமேன்னு கூண்டைச் சுத்தி பிளாஸ்டிக் தாள் அடிச்சு, ஒரு சந்து விடாம அடைச்சேன். பெருமையா வீட்டுக்குள்ள வந்து படுத்தும் தூங்கியாச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா சேவலோட அழகான சிவப்புக் கொண்டை நுனியெல்லாம் கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடக்கு. கூண்டுச் சுவரெல்லாம் வெண்பனி படிஞ்சிருக்கு.

பக்கத்து வீட்டு பிரெஞ்சுத் தாத்தா வந்து பார்த்தார். முதல்ல பிளாஸ்டிக்கைக் கிழிச்சுப் போட்டார். அப்புறம், "இந்த ஊருக்கு இந்தச் சேவலா? நீ ஷாண்டெக்ளேர் இல்ல வளர்க்கணும்" என்றார். அது என்னடான்னு தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

முதலில் நான் செய்த தப்பு. கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி. இறகுக்குள் காற்றைச் சிறைபிடித்து அது தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ளும். குளிரைவிட அதற்குப் பெரிய எதிரி ஈரம். மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் ராத்திரி முழுக்க ஈரம் கிளம்பும். வெளியே போக வழியில்லாவிட்டால் அது கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறையும். இறகு மூடாத இடங்கள் அவை, அங்கேதான் பனிக்கடி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் அமெரிக்கப் பண்ணைக்காரர்களும் என்னை மாதிரியே இறுக்கி அடைத்து, நோயில் கோழிகளைப் பறிகொடுத்தவர்கள்தான். பிறகு முன்பக்கம் திறந்த கூண்டு என்று ஓர் இயக்கமே கிளம்பியது. 1924இல் பிரின்ஸ் வுட்ஸ் என்பவர் காற்றோட்டமான கோழிக்கூண்டுகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கோழி உட்காரும் இடத்தில் காத்து அடிக்கக்கூடாது, ஆனால் தலைக்கு மேலே ஈரம் வெளியேற வழி வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

கூண்டை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். கோழியையே மாற்றினால் என்ன என்று யோசித்தவர் ஒரு துறவி.

மாண்ட்ரியலுக்கு மேற்கே, ஏரிக்கரையில் ஓக்கா என்று ஓர் ஊர். 1881இல் பிரான்ஸிலிருந்து வந்த டிராப்பிஸ்ட் துறவிகள் அங்கே மடம் அமைத்தார்கள். பேச்சைக் குறைத்து, உடல் உழைப்பில் வாழ்கிறவர்கள். ஓக்கா சீஸ் அவர்கள் கைவண்ணம்தான். மடத்தோடு சேர்ந்து விவசாயக் கல்லூரியும் நடந்தது. அங்கே கோழிகளைக் கவனித்துக்கொண்டவர் பிரதர் வில்ஃப்ரிட் ஷாட்லென்.

1907இல் அவருடைய அப்பா மடத்துக்கு வருகிறார். மகன் ஒவ்வொரு கூண்டாகக் காட்டி இது இங்கிலாந்து, இது அமெரிக்கா, இது மத்தியதரைக் கடல் பக்கம் என்று விளக்கும்போதுதான் உறைக்கிறது: கனடாவுக்கென்று ஒரு கோழிகூட இல்லை! எல்லாம் வேற ஊர் வெயிலுக்குப் பிறந்தவை. பெரிய கொண்டை வைத்த லெகான் ஜனவரியில் கொண்டையைக் காவு கொடுக்கும். பகல் குறைந்தால் முட்டையும் குறையும். முட்டைக்கு நல்ல விலை கிடைப்பதோ குளிர்காலத்தில்தான்.

1908இல் வேலையை ஆரம்பித்தார். டார்க் கார்னிஷ் சேவலோடு வெள்ளை லெகான் பெட்டை. ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு வெள்ளை வையன்டாட் பெட்டை. இரண்டு பக்கக் குஞ்சுகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, பிறகு வெள்ளை பிளிமத் ராக் ரத்தத்தையும் கலந்தார். ஐந்து இனம், சுமார் பத்து வருஷம். 1918இல் ஊருக்குக் காட்டினார். 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக அங்கீகரித்தது. 'பாடு', 'தெளிவாக' என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களைச் சேர்த்து ஷாண்டெக்ளேர் என்று பேர்.

அந்தக் கோழியின் தலையைப் பாருங்க. கொண்டை இருக்கிற இடத்தில் குட்டித் தலையணை மாதிரி ஒரு மேடு, அவ்வளவுதான். தாடியும் பேருக்குத்தான். பனி கடிக்க அங்கே ஒன்றுமில்லை! கார்னிஷுக்குப் பட்டாணிக் கொண்டை, வையன்டாட்டுக்கு ரோஜாக் கொண்டை. இந்த இரண்டையும் சேர்த்தால் இரண்டிலும் இல்லாத வால்நட் கொண்டை வரும் என்று இங்கிலாந்தில் பேட்சனும் பன்னெட்டும் 1900களின் தொடக்கத்தில்தான் காட்டியிருந்தார்கள். மரபியல் என்ற துறையே அப்போதுதான் தவழ ஆரம்பித்த நேரம்.

இவ்வளவு பாடுபட்டும் என்ன ஆச்சு? பெரும் பண்ணைகள் வந்தன. சூடேற்றிய கொட்டகைக்குள் அடைத்துவிட்டால் எந்த ஊர்க் கோழியாக இருந்தால் என்ன? குளிர் தாங்கும் கோழி யாருக்கும் தேவைப்படவில்லை. ஓக்கா விவசாயக் கல்லூரியும் 1962இல் மூடப்பட்டது. 1979இல் ஷாண்டெக்ளேர் அழிந்தே போச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அது சில சின்னப் பண்ணைகளில் சத்தம் காட்டாமல் மேய்ந்துகொண்டிருந்தது. யாரோ சில விவசாயிகள், பட்டியலில் பேர் வருமா என்று பார்க்காமல், வருஷா வருஷம் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். 1999இல் கியூபெக் அரசு சட்டம் போட்டு அதைத் தன் பாரம்பரிய இனமாக அறிவித்தது. துறவிகள்தான் 2009இல் ஓக்காவை விட்டு வேறு ஊர் போய்விட்டார்கள்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? கார்னிஷ் கோழியின் பழைய பேர் 'இந்தியன் கேம்'. நம்ம பக்கத்து அசில் சண்டைக்கோழியின் ரத்தம் அதில் உண்டு. அசிலுக்கும் பட்டாணிக் கொண்டைதான். ஷாண்டெக்ளேரின் தோல் மஞ்சள். வீட்டுக் கோழிக்கு அந்த மஞ்சள் தோலைக் கொடுத்தது தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி என்று 2008இல் மரபணு ஆய்வு சொன்னது. நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில் கூவுகிற அதே காட்டுக்கோழி! கியூபெக் பனிக்கென்றே செய்த கோழியிலும் நம்ம பங்கு இருக்கு. அதைப் படிச்ச ராத்திரி, இந்த ஊர்ல நான் மட்டும் தனியாளு இல்லைன்னு தோணிச்சு.

எங்க சேவல் பிழைச்சிடுச்சு. கொண்டை நுனி உதிர்ந்து மொட்டையா நிக்குது. கூரைக்குக் கீழே ரெண்டு பக்கமும் காத்துப் போக வழி வெட்டிட்டேன். கால் விரலை வயிற்று இறகு மூடுகிற மாதிரி அகலமான கட்டை போட்டாச்சு. கீழே காய்ஞ்ச வைக்கோல். இந்த வருஷம் யாருக்கும் கறுக்கலை. அடுத்த வசந்தத்துக்கு நாலு ஷாண்டெக்ளேர் குஞ்சு சொல்லி வெச்சிருக்கேன். வந்ததும் படம் போடறேன் :-)

உங்க வீட்டுக் கோழிக்கு எந்தக் கொண்டை? இன்னிக்குப் போய்ப் பாருங்க, பின்னூட்டத்தில் சொல்லுங்க.