தாம்பரத்து வீரர் மேஜர் முகுந்த் வரதராஜன்

நமது ஊராகிய தாம்பரத்தில் வளர்ந்து, காசுமீரத்தில் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றி நமது பத்திரிகையில் எழுத வேண்டுமென்று அன்பர் சிலர் நெடுநாளாக வற்புறுத்தி வருகின்றனர். வேறு சிலரோ, "அவர் எந்த ஜாதியினர் என்பதையும் தவறாமல் எழுதுக" என்கின்றனர். இவ்விரண்டாவது விருப்பத்திற்கு அவரது சரித்திரமே தக்க விடை கூறுமாதலின், முதற்கண் அதனைச் சுருங்கச் சொல்லுவோம்.

முகுந்த் 1983-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 12-ந் தேதி, தமிழ்ப் பெற்றோருக்குப் புதல்வராகக் கோழிக்கோட்டில் பிறந்தார். காஞ்சீபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் வணிகவியல் பயின்று பட்டம் பெற்ற பின்னர், 1937 முதல் தாம்பரத்தில் நடைபெற்று வரும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பத்திரிகைத் தொழிற் படிப்பில் சேர்ந்தார். எழுதுகோல் பிடிக்கக் கற்ற அவ்விளைஞரின் மனமோ பட்டாளத்தையே நாடி நின்றது.

1962-ம் வருஷத்துச் சீன யுத்தத்திற்குப் பின், ராணுவத்திற்கு அதிகாரிகள் மிகுதியாக வேண்டியிருந்தமையால், 1963-ல் பரங்கிமலையில் ஒரு பயிற்சிக்கூடம் நிறுவப்பட்டது. தாம்பரத்தில் ரயிலேறிக் கடற்கரை நோக்கிச் செல்லும் நம்மவர் தினந்தோறும் கடந்து போகும் இடமே அது. அங்கே பயின்ற முகுந்த், 2006-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி லெப்டினென்ட் பதவி பெற்று, ராஜபுத்திரப் படைப்பிரிவின் 22-வது பட்டாளத்தில் அமர்ந்தார்.

நேயர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படைப்பிரிவின் பெயர் வடநாட்டு ஜாதியொன்றைச் சுட்டுவது. ஆங்கிலேயர் காலத்து வழக்கத்தால் வந்த பெயர் அது. ஆயினும் அதற்குத் தலைமை தாங்கும் அதிகாரி எம்மாகாணத்தவராயினும், எக்குலத்தவராயினும் ஆகலாம். தமிழ் பேசும் தாம்பரத்து இளைஞர் அங்கே ஹிந்தி பேசும் சிப்பாய்களை நடத்திச் சென்றார். அவர்களும் அவரைத் தம் தலைவராகவே கொண்டனர். 2009-ல் அவர் மணந்த மாதரசியும் கேரள தேசத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தினரே.

மத்திய இந்தியாவில் மோவ் நகரத்துக் காலாட்படைப் பள்ளியிலும், லெபனானில் ஐக்கிய நாடுகள் சபையின் சமாதானப் படையிலும் அவர் பணி புரிந்தார். 2012-ம் வருஷம் டிசம்பரில், காசுமீரத்துக் கலகக்காரரை அடக்குவதற்கென அமைந்த ராஷ்டிரீய ரைபிள்ஸின் 44-வது பட்டாளத்திற்கு மாற்றப்பட்டார்.

2014-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. நாமும் நம் வீட்டு மாதரும் காலையிலேயே சாவடிக்குச் சென்று, விரலில் மையிட்டுக்கொண்டு திரும்பினோம். அதே நாளில் காசுமீரத்து அனந்தநாகத் தொகுதியிலும் வாக்குப் பதிவு நிகழ்ந்தது. அத்தொகுதியைச் சேர்ந்த சோப்பியானில், தேர்தற் பணி முடித்துத் திரும்பிக் கொண்டிருந்த ஊழியர்மீது பயங்கரவாதிகள் சுட்டனர். அதிகாரி ஒருவர் மாண்டார்.

மறுநாள், சோப்பியான் ஜில்லாவைச் சேர்ந்த காஜிபத்ரி என்னுங் கிராமத்தில் பயங்கரவாதிகள் ஒளிந்திருப்பதாகத் தகவல் கிடைக்கவே, முகுந்த் தம் வீரருடன் அவ்விடத்தைச் சூழ்ந்து கொண்டார். கடும் போரில் ஹிஸ்புல் முஜாஹிதீன் தலைவன் அல்தாப் வானி உள்ளிட்ட மூவர் வீழ்ந்தனர். குண்டுகள் பாய்ந்த முகுந்தும் உயிர் துறந்தார். அவருடன் சென்ற சிப்பாய் விக்கிரம் சிங்கும் அங்கே மாண்டார். முகுந்துக்கு அப்பொழுது வயது 31. நம் விரலிலிட்ட மை அழியுமுன்னரே, அவரது உடல் தாம்பரம் வந்து சேர்ந்தது. ராணுவ மரியாதையுடன் பெசன்ட் நகர் மயானத்தில் தகனம் செய்யப்பெற்றது.

1952-ல் ஏற்படுத்தப்பட்ட அசோக சக்கரம், பகைநாட்டுப் படையை எதிர்த்த யுத்தகளத்திற்குப் புறம்பே காட்டிய வீரத்திற்கு அளிக்கப்படும் தலைசிறந்த விருதாகும். யுத்தகளத்துக்குரிய பரம வீர சக்கரத்திற்கு நிகரானது. 2015-ம் வருஷம் குடியரசு தினத்தன்று, அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா விருந்தினராக வீற்றிருந்த சபையில், ஜனாதிபதி பிரணாப் முகர்ஜியின் கையினின்றும் முகுந்தின் மனைவியார் அதனைப் பெற்றுக் கொண்டார்.

2024-ல் இவரது வரலாறு "அமரன்" என்னும் திரைப்படமாக வெளிவந்தது. அதில் அவரது ஜாதியை ஏன் காட்டவில்லையென்று அப்பொழுது சிலர் வினவினர். முகுந்தைத் தமிழராகவும் இந்தியராகவும் காட்டவேண்டுமென்பதே அவர் குடும்பத்தாரின் விருப்பமென்று அப்படத்தின் இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி விடை பகர்ந்தார்.

நாம் ஜாதிச் சங்கத்தார். ஏழைப் பிள்ளைகளின் படிப்பிற்கும், ஆதரவற்ற மாதரின் நலத்திற்கும் நம் சங்கம் பாடுபடுவது தக்கதே. ஆயினும் நாட்டுக்கென்று உயிரைக் கொடுத்தவரை ஒரு குலத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள முற்படுவது நமக்குப் பெருமையாகாது. அது அவர் தாமாகவே கடந்து சென்ற வேலிக்குள் அவரை மீண்டும் அடைப்பதாகும். ஆதலின் இக்கட்டுரையில் அவரது ஜாதியை நாம் குறிக்கவில்லை. மறந்து விட்டோமென்று அன்பர்கள் எண்ணற்க, வேண்டுமென்றே விடுத்தோம்.

ஏப்ரல் 25-ந் தேதி வருந்தோறும், நம் இல்லத்துச் சிறுவரை அருகழைத்து, தாம்பரத்து முகுந்தின் கதையையும் அவருடன் மாண்ட விக்கிரம் சிங்கின் பெயரையும் சேர்த்தே சொல்லுவோமாக.