புனிதையின் சம்மதம்: எல்லிஸ் பீட்டர்ஸின் புதினத்தில் திருப்பண்டமும் துப்பறிதலும்

எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் ஈடித் பார்ஜெட்டர் 1977இல் வெளியிட்ட ‘எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்’, துறவி கேட்ஃபேல் துப்பறியும் வரிசையின் முதல் புதினம். மூடநம்பிக்கையைப் பகுத்தறிவு வெல்லும் கதையாக இதை வாசிக்க இடமுண்டு. அந்த வாசிப்பு போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். புனிதரின் எச்சங்களான திருப்பண்டங்களின் வழிபாட்டைக் கேட்ஃபேல் மறுப்பதில்லை. அவ்வழிபாட்டின் நெறியைக் கொண்டே அதன் பெயரால் நடந்த அபகரிப்பைத் திருத்துகிறார்.

கதைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1083இல் நிறுவப்பட்ட ஷ்ரூஸ்பெரி பெனடிக்ட் மடத்துக்கு, வேல்ஸின் குவிதெரின் சிற்றூரில் அடக்கமாகியிருந்த புனித வினிஃபிரெட்டின் எலும்புகள் 1138வாக்கில் கொண்டுவரப்பட்டன. கொண்டுவந்த துணைத்தலைவர் ராபர்ட்டே புனிதையின் வரலாற்றையும் எழுதினார். திருப்பண்டம் வந்தால் யாத்திரிகர் வருவர், காணிக்கை சேரும், மடத்தின் மதிப்பு உயரும். 828இல் புனித மாற்கின் எலும்புகள் வெனிசுக்கும், 1087இல் புனித நிக்கோலஸின் எலும்புகள் பாரிக்கும் திருடப்பட்டே போய்ச்சேர்ந்தன. இத்தகைய திருட்டுகளை ஆராய்ந்த பாட்ரிக் கியரி, அவற்றுக்கு அக்காலத்தார் கூறிய நியாயத்தை விளக்கியுள்ளார்: புனிதர் தம் எலும்புகளில் உயிர்ப்போடு இருக்கிறார், அவர் விரும்பாவிட்டால் எவராலும் அசைக்க இயலாது, ஆகவே எடுத்துச்செல்ல முடிந்ததே அவர் சம்மதத்துக்குச் சான்று. எடுத்தவருக்கு மட்டுமே சாதகமாக அமையும் சான்று இது.

புதினம் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. எலும்புகளைத் தர மறுத்த நிலக்கிழார் ரிசியார்ட், மார்பில் அம்பு தைத்துக் கிடக்கிறார். புனிதையின் தண்டனை என்கிறார் ராபர்ட். கேட்ஃபேலோ காயத்தைப் பார்க்கிறார். முதுகில் குத்துவாள் பாய்ந்திருக்கிறது. அதே காயத்தின் வழியில் பிறகுதான் அம்பு செருகப்பட்டிருக்கிறது. தெய்வச் செயல் எனப்பட்டது மனிதக் கைவேலை. செப விழிப்பில் உடனிருந்த துறவியைக் கசகசாச் செடிச் சாறு கலந்த மதுவால் தூங்கவைத்துவிட்டு வெளியேறிய இளந்துறவி கொலம்பானஸே கொலையாளி.

முடிவு இன்னும் முக்கியமானது. கைகலப்பில் கொலம்பானஸ் இறக்கிறான். எலும்புகளைத் தோண்டியவர்களுள் ஒருவரான கேட்ஃபேல், புனிதையை அவர் மண்ணுக்கே திருப்பிவிட்டு, அவனுடலைப் பேழையில் வைத்து முத்திரையிடுகிறார். ஷ்ரூஸ்பெரி வணங்குவது ஒரு கொலைகாரனின் உடலை. இதுவும் மோசடிதானே என்று கேட்கலாம். மோசடிதான். ஆனால் தமக்காகவோ மடத்துக்காகவோ அவர் அதைச் செய்யவில்லை. புனிதை தம் மக்களிடையே இருக்கவே விரும்புகிறார் என்று நம்பியே செய்கிறார். புனிதரின் விருப்பமே இறுதித் தீர்ப்பு என்ற இடைக்காலக் கோட்பாட்டை, அதைச் சொல்லி எடுத்துச்செல்ல வந்தவர்களைவிட உண்மையாகக் கடைப்பிடித்தவர் அவரே.

அதனால்தான் அந்தப் பேழையின் முன்பும் நோய்கள் தீர்கின்றன. அருள் எலும்பில் அடைபட்டதன்று என்றால், அதைக் கைப்பற்ற ஒரு சிற்றூரின் வாயை அடைக்கவும் தேவையில்லை. புதினம் அறுத்தெறிவது பக்தியை அன்று, பக்தியைக் காட்டிச் சொத்துரிமை கோரும் வாதத்தை.