முப்பது காதமும் முந்நூறு கிலோமீட்டரும்

கணவனும் மனைவியும் காவிரிக் கரையோரமாகப் போன பயணம் என்றால், நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கோவலனும் கண்ணகியும் போனதுதான். புகாரிலிருந்து மதுரைக்கு அவர்கள் நடந்த வழிக்கென்றே சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காதைகள் ஒதுக்கினார். சோழநாட்டு வழி நாடுகாண் காதையில் வருகிறது. உறையூருக்குத் தெற்கே உள்ள வழி காடுகாண் காதையிலும் அதை அடுத்த பகுதிகளிலும் வருகிறது. இன்று பூம்புகாரில் காரைக் கிளப்பி மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு, கல்லணை, திருச்சி என்று மதுரை போகிறவர்களும் ஏறக்குறைய அதே தடத்தில்தான் போகிறார்கள். என் மனைவியும் நானும் அப்படிப் போனோம். இரண்டு பயணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வழியைவிட இல்லறத்தைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது.

புறப்பாட்டிலேயே வேற்றுமை இருக்கிறது. கோவலன் பொருளை இழந்தவன். கண்ணகியின் சிலம்பை முதலாக்கிப் பிழைக்கலாம் என்று, பெற்றோரிடமும் சொல்லாமல், விடியுமுன் இருட்டில் கிளம்புகிறான். அவன் எழு என்றதும் கண்ணகி எழுந்துவிடுகிறாள். இன்றைய தம்பதி பெட்டி கட்டும்போதே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். எந்த மனைவியும் கேள்வி கேட்காமல் எழுவதில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு திருக்கடையூர் அபிராமியைப் பார்க்காம போறதா?" என்ற இடத்தில் எங்கள் முதல் பேச்சுவார்த்தை தொடங்கியது. அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் போனோம்.

தூரத்தைப் பற்றிய கேள்வி மட்டும் மாறவில்லை. காவிரியின் வடகரையோடு மேற்கே ஒரு காதம் நடந்ததுமே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று சிறு பல் தெரியக் கேட்கிறாள். முப்பது காதம்தான், பக்கத்தில்தான் என்று கோவலன் சிரித்துச் சொல்கிறான். வேதனையை மறைக்கிற சிரிப்பு அது. இப்போது சாலைவழித் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். செல்போன் அதை நிமிடக் கணக்காகவே காட்டுகிறது. ஆனாலும் மயிலாடுதுறை தாண்டியதும் பக்கத்து இருக்கையிலிருந்து "இன்னும் எவ்வளவு நேரம்ங்க?" என்று கேள்வி வரும். "இதோ வந்தாச்சு" என்பதுதான் பதில். கேட்டவருக்கு வேண்டியது கணக்கு அல்ல, துணை என்பதைக் கோவலன் புரிந்துகொண்ட அளவுக்கு ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் புரிந்துகொள்வதில்லை.

வழியின் தொல்லைகளை, அவர்களோடு மதுரைக்குத் துணையாக வரும் கவுந்தியடிகள் முன்கூட்டியே அடுக்குகிறார். சோலை வழியே போனால், வள்ளிக்கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். குனிந்து பார்த்து நடந்தால் பலாப்பழம் தலையில் முட்டும். வயல் வழியே போனால், மலங்கு புரளும் சேற்றில் நீர்நாய் கவ்விய வாளைமீன் துள்ளிப் பாயும், கண்ணகி பயந்துவிடுவாள். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும். தன் கால் நோவதோடு பிற உயிர் நோவதையும் சேர்த்து எண்ணும் சமணத் துறவி அவர்.

இன்றைய டெல்டாவில் தொல்லைகள் வேறு. கல்லணையையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் இணைக்கும் மாநில நெடுஞ்சாலை 22-இல் குறுவை அறுவடைக் காலத்தில் போனால், பல இடங்களில் பாதிச் சாலையில் நெல் காயும். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். விவசாயிக்கு வேறு களம் இல்லை. மறுபாதியில் எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் காரைப் பின்னால்தான் எடுக்க வேண்டும். அதில் அரைமணி போகும். அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தியிருப்பார்கள். திறக்க நாலு மணியாகும். அங்கே ஆரம்பிக்கும் மனஸ்தாபம் கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபியில்தான் அடங்கும்.

வழியில் பிறர் வாயில் விழுவதும் இரண்டு பயணங்களுக்கும் பொது. ஆற்றைக் கடந்து தென்கரைச் சோலையில் தங்கியபோது, ஊர்சுற்றி ஒருவனும் அவனோடு வந்த பரத்தையும் இவர்கள் யாரென்று கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறார் கவுந்தி. உடன்பிறந்தார் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று ஏளனம் செய்கிறார்கள். கண்ணகி காதைப் பொத்தி நடுங்குகிறாள். கவுந்தியின் சாபத்தில் அவர்கள் நரியாகிறார்கள். அப்போதும் கோவலனும் கண்ணகியும் அவர்களுக்காக இரங்கி வேண்ட, சாபம் 12 மாதமாகச் சுருங்குகிறது. எங்களுக்கு வாய்த்தது ஒரு லாட்ஜ் வரவேற்பு மேசை. இரண்டு பேர் ஆதாரையும் வாங்கி, முகத்தையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்து, "ஹஸ்பண்ட் அண்ட் ஒய்ஃப்தானே?" என்றார்கள். சபிக்கக் கவுந்தி இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறினோம்.

இரண்டுக்கும் பெரிய வேற்றுமை வேகத்தில் இருக்கிறது. அவர்கள் ஒரு நாளில் ஒரு காதத்துக்கு மேல் நடக்கவில்லை. பல நாள் தங்கித் தங்கிப் போனார்கள். புகாரில் ஆடல்மகள் மாதவி வீட்டுக்குப் போன கணவனோடு கண்ணகிக்கு இல்லறம் என்று அதிக நாள் இல்லை. அவர்கள் ஓயாமல் சேர்ந்திருந்தது இந்த வழியில்தான். அதன் பலன் மதுரையில் தெரிகிறது. ஆயர்சேரியில் கண்ணகி சமைத்துப் போட்டு உண்ட பிறகு, தான் செய்த கேட்டைக் கோவலன் வாய்விட்டுச் சொல்கிறான். கூப்பிட்டதும் எழுந்து வந்தாயே என்று உருகுகிறான். அவன் நடந்துகொண்டது தவறு என்பதைக் கண்ணகியும் அப்போதுதான் நேராகச் சொல்கிறாள். முப்பது காதம் நடந்த பிறகு வந்த பேச்சு அது.

நான்குவழிச் சாலையில் அந்த முப்பது காதத்தை அரை நாளில் முடித்துவிடலாம். ஆனால் எங்கள் பயணத்தில் நாங்கள் மனம்விட்டுப் பேசியது, காயும் நெல்லுக்கு நடுவே வண்டி நின்ற நேரத்திலும், நடை திறக்கக் காத்திருந்த மதியத்திலும்தான். குளிர்சாதனம், வரைபடம், கையெட்டும் தூரத்தில் மருத்துவமனை என்று வசதியில் இன்றைய பயணம் மேல். தம்பதிக்குத் தரும் பயனில் பழையதுதான் மேல். ஆகவே டெல்டாவைப் பார்க்க வரும் கணவன் மனைவிக்கு ஒரு யோசனை: நெடுஞ்சாலையை விட்டுக் கரைச்சாலையில் வாருங்கள்; முதல் நாளே கும்பகோணத்தைத் தாண்டாதீர்கள்.