சுண்டிக்குளமும் கனகராயன் ஆறும்

வட்டக்கச்சி வயல்களில் நெல்லை விளைவிக்கும் நீருக்கும், சுண்டிக்குளம் களப்பில் இரைதேடும் கூழைக்கடாவுக்கும் உள்ள உறவு யாது? இரண்டையும் வளர்ப்பது கனகராயன் ஆறே.

வவுனியாப் பக்கத்துக் காடுகளிலிருந்து வடக்கு நோக்கி வரும் இவ்வாற்றை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறித்துக் கட்டியதே இரணைமடுக் குளம். காடழித்து நிலம் திருத்திய விவசாயிகளும், 1970களில் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பகுதியில் குடியேறிய தொழிலாளரும் சிந்திய வியர்வையால் அக்குளத்து நீர் சோறாயிற்று. குளம் வான்பாயும்போது மிஞ்சிய நீர் சுண்டிக்குளத்தைச் சேர்கிறது.

மாரியில் வரும் அந்த நன்னீர் களப்பின் உவர்ப்பைத் தணிக்கிறது. கோடை வெயில் உப்பை மிகுவிக்கிறது. இவ்வேற்றத்தாழ்விலேயே கண்டலும் மீனும் இறாலும் செழிக்கின்றன. அவற்றை நம்பிப் பூநாரைகளும், குளிர் நாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகளும், கரையோரத்து மீனவரும் வாழ்கின்றனர்.

ஆங்கிலேய ஆட்சியில், 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பிறந்த மறு ஆண்டே, 1938இல், சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாயிற்று. வனவிலங்குத் திணைக்களம் 1949இல் தோன்றியது. ஆற்று நீர் ஒரு திணைக்களத்தின் பொறுப்பு. அந்நீரால் வாழும் பறவை வேறொரு திணைக்களத்தின் பொறுப்பு. இப்பிரிவினையை இயற்கை அறியாது!

1954இல் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், இந்நீரைக் கடலுக்கு விடாது சுண்டிக்குளத்தில் அணையிட்டுத் தடுத்து, ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை முன்வைத்தார். வேலைகள் தொடங்கியும் திட்டம் முற்றுப்பெறவில்லை. கிணற்றையே நம்பிய குடாநாட்டு மக்களின் தாகம் நியாயமானது. ஆயினும் உவர்நீர் நன்னீரானால், அந்த உவர்நீரையே நம்பிய உயிர்களின் நிலை என்ன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

பின்னர் வந்தது போர். 2009இன் தொடக்கத்தில் வட்டக்கச்சி மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். சுண்டிக்குளக் கரையும் போர்க்களமாயிற்று. போர் முடிந்து ஆறாண்டுகளின் பின், 2015இல், ஏறத்தாழ 19,500 ஹெக்டேயர் பரப்பு தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

சதுப்பு நிலம் காக்கப்படவேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வரைபடத்தில் எல்லைக்கோடு இழுப்பதால் மட்டும் களப்பு பிழைக்காது. இரணைமடுவிலிருந்து எவ்வளவு நீர் வயலுக்கு, எவ்வளவு குடிநீருக்கு, எவ்வளவு களப்புக்கு என்ற கணக்கே அதன் உயிர். அந்தக் கணக்கை எழுதும் மேசையில் வட்டக்கச்சி உழவனும் சுண்டிக்குளத்து மீனவனும் அமரும் உரிமை பெறவேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்நீரை அறிந்தவர்கள் அவர்களே.