மலிவுவிலை வளித்தர உணரிகளும் வாழைச்சேனைக் காற்றும்

மலிவுவிலை வளித்தர உணரி என்பது, காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பொதுமக்களே அளந்து பதிவுசெய்ய உதவும் கையடக்கக் கருவி. அரச அளவீட்டு நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களைச் சார்ந்தே அமைவதால், மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனை போன்ற ஊர்களுக்கு இது மிகவும் வேண்டியது. நெல் விளையும் நிலமும் களப்பும் கடலும் சேரும் இடம் வாழைச்சேனை. சுற்றுவட்டார வைக்கோலைக் கூழாக்கிய கடதாசி ஆலை 1956இல் இங்கேதான் உற்பத்தியைத் தொடங்கியது. வைக்கோல் எரிப்பு, உமிப்புகை, குப்பைத் தீ, விறகடுப்பு ஆகியவை இத்தகைய ஊர்களில் முதலில் கவனிக்க வேண்டிய மூலங்கள்.

கருவியின் உள்ளே சிறு விசிறி காற்றை இழுக்கிறது. லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுகிறது, சிதறலை ஒளியுணரி எண்ணுகிறது, அதிலிருந்து பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட துகள்களின் எடை கணிக்கப்படுகிறது. எடை நேரடியாக நிறுக்கப்படுவதில்லை என்பதை மறக்கலாகாது. 2015இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘சென்சர் கொம்யூனிட்டி’ வலையமைப்பு இதைப் பரவலாக்கியது. அவர்களது கருவிக் கூடு வெறும் இரண்டு பிளாஸ்டிக் முழங்கைக் குழாய்கள். அவற்றைப் பொருத்தி, வாய் இரண்டும் கீழ்நோக்க மாட்டிவிட்டால் மழை உள்ளே புகாது.

வாழைச்சேனையில் உண்மையான சிக்கல் ஈரப்பதன். வாடைக் காற்று வீசும் மாரிக் காலத்தில் கடலுப்புத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போகின்றன. லேசருக்கு நீரும் அழுக்கும் ஒன்றுதான். எனவே அளவு பொய்யாக ஏறும். பலரும் வாங்கும் எஸ்.டி.எஸ். 011 உணரிக்குத் தயாரிப்பாளர் குறித்த ஈரப்பத வரம்பு 70 சதவீதம். களப்போரத்தில் அந்த வரம்பு எளிதில் மீறப்படும். கச்சான் வீசும் கோடையிலோ காற்று உலர்ந்து புழுதி கிளம்பும். பெரிய புழுதித் துகள்களை இக்கருவி சரிவரக் காண்பதில்லை. ஆக, ஒரே கருவி மாரியில் மிகையாகவும் கச்சானில் குறைவாகவும் காட்டக்கூடும். அமெரிக்கச் சுற்றாடல் முகவரக ஆய்வாளர்கள் ‘பர்ப்பிள் எயார்’ கருவிகளுக்காக 2021இல் வெளியிட்ட திருத்தச் சூத்திரம், மூல அளவை 0.524ஆல் பெருக்கி ஈரப்பதனுக்கும் கழிவு தருகிறது. அது அந்நாட்டுத் தரவிலிருந்து பிறந்தது. வங்கக்கடல் ஓரத்துக்கு அதை அப்படியே பொருத்துவது தவறு.

இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமப்படி பி.எம். 2.5இன் 24 மணிநேரச் சராசரி கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்தது 15. நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் மாசும் உண்டு: 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் வேளையில், நாட்டின் பல பகுதிகளில் வளித்தரம் மோசமடைந்து 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அன்றைய அளவை வைத்து உள்ளூர் ஆலையைக் குற்றஞ்சாட்டினால் அது நியாயமாகாது.

மக்கள் அளவீட்டின் வலிமைக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதிக் கிராமத்தவர் 2004இல் பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்தி, துர்நாற்றம் வீசிய வேளையிலேயே காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினர். 22 நச்சு வேதிப்பொருட்கள் தெரியவந்தன. அது வாயுவைப் பிடிக்கும் முறை; துகள் உணரியால் அதைச் செய்ய இயலாது. எனினும் நேரம், இடம், காற்றுத்திசை, நாற்றம் ஆகியவற்றை அப்போதே குறித்துவைக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

வாழைச்சேனையில் தொடங்க விரும்பும் பாடசாலையோ சங்கமோ இரண்டு உணரிகளாவது வாங்க வேண்டும். முதல் வாரம் இரண்டையும் ஒரே சுவரில் மாட்டி வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒன்றைப் புகை மூலத்துக்குக் காற்று வரும் பக்கமும் மற்றதைக் காற்றுப் போகும் பக்கமும் வையுங்கள். ஈரப்பதனையும் சேர்த்துப் பதியுங்கள். தனி எண்ணை நம்பாமல் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தையே அதிகாரிகளிடம் கொண்டுசெல்லுங்கள்.